பிறம்ரனிலயிருந்து மலையேறின கதை

ரெண்டு மாதமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கேல்லை. சோதினை, அசைன்மென்ற், பகுதிநேர வேலை எண்டு வழமையா நான் சொல்லுற சாட்டுகள் எல்லாம் இருக்கு. ஆனால் உண்மையான காரணம் வேற. இந்த இலையுதிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில நான் மலை ஏறிக்கொண்டு திரிஞ்சனான்.

"பிறம்ரனில எங்கையடி மலை?" எண்டு நீங்கள் கேக்கிறது இங்க வரைக்கும் கேக்குது :-) பிறம்ரனுக்கு வந்து போன ஆக்களுக்குத் தெரியும், இது தட்டையான ஊர். வீடு, வீடு, பிளாசா, பிறகும் வீடு. பனி கூட்டி அள்ளிக் குவிக்கிற கார்ப் பார்க்கிங்தான் மாசி மாதத்தில எங்கட ஊரின்ர ஆக உயரமான இடம். ஆனால் மிசிசாகா றோட்டைப் பிடிச்சு நேர வடக்க போனீங்களெண்டால், அரை மணித்தியாலத்துக்குள்ள நிலம் மெல்ல எழும்பத் தொடங்கும். பேந்து ஒரு இடத்தில கல்லுச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்கும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாப் போகப் போகுது, தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

முதலில என்ர தகுதியைச் சொல்லிப்போடுறன். நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தில. எங்கட ஊரில உயரமான இடமெண்டா கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும்தான். கீரிமலை எண்டு பேர் இருக்கே தவிர அங்க மலை இல்லை, கேணிதான் இருக்கு. முதல் முதலா மலையைக் கண்டது பள்ளிக்கூடச் சுற்றுலாவில, நுவரெலியா போகேக்க. அதுவும் பஸ் யன்னலுக்குள்ளால தலையை வெளியில நீட்டிக்கொண்டு. ஏன் நீட்டினனான் எண்டு கேக்காதேங்கோ, பொலித்தீன் பை முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான் எனக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு.

உதெல்லாம் ஒரு மலையோ?

நியாயமான கேள்விதான். நயாகரா எஸ்கார்ப்மென்ற் எண்டு இங்க சொல்லுறது சரியாப் பார்த்தால் மலைத்தொடரே இல்லை, ஒரு நீண்ட பாறை விளிம்பு. ஒன்ராறியோவுக்குள்ள நயாகராப் பக்கம் தொடங்கி, ஹமில்ரன், மில்ரன், கலிடன் எல்லாம் தாண்டி, வடக்க ரொபெர்மோறி வரைக்கும் போகுது. நயாகரா நீர்வீழ்ச்சி விழுறதும் இந்த விளிம்பிலயிருந்துதான். கடல் மட்டத்திலயிருந்து இதின்ர ஆக உயர்ந்த பகுதி சிங்ஹம்ரன் பக்கத்தில, சுமார் 540 மீற்றர். ரொறன்ரோவில நிக்கிற சீஎன் கோபுரம் 553 மீற்றர். கணக்கைப் பாருங்கோ! ஒன்ராறியோ முழுக்கத் தேடினாலும் ஆக உயர்ந்த இடம் வடக்கில இருக்கிற இஷ்பற்றீனா மேடு, 693 மீற்றர்தான். ஸ்கொட்லாந்துக்காரர் 3000 அடிக்கு மேல இருக்கிறதைத்தான் 'மன்றோ' எண்டு எண்ணி எண்ணி ஏறுவினம். அந்தக் கணக்கில ஒன்ராறியோவுக்குச் சுழியம்.

ஆனால் உயரத்தை விடுங்கோ, வயசைப் பாருங்கோ. மேல தொப்பி மாதிரி இருக்கிற கடினமான பாறை கிட்டத்தட்ட 43 கோடி வருசத்துக்கு முந்தினது. அப்ப இந்த இடம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, இளஞ்சூடான ஆழமில்லாத கடலாக இருந்ததாம். பவளமும் சிப்பியும் படிஞ்சு படிஞ்சு கல்லானது. அதுக்குக் கீழ இருக்கிறது மெதுவான களிப்பாறை. கீழ இருக்கிறது கெதியாக் கரைஞ்சு போக, மேல இருக்கிறது அந்தரத்தில நிண்டு, பிறகு உடைஞ்சு விழும். அப்பிடித்தான் இந்தச் செங்குத்து வந்தது. பூமி பிளந்து எழும்பினதில்லை.

இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட ஊர்தான் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணமும் கடலுக்கடியில படிஞ்ச சுண்ணாம்புக் கல்லுத்தானே. அது வயசில மிச்சம் இளசு, ஆனால் கதை ஒண்டுதான். நிலாவரைக் கிணறும் கீரிமலைத் தண்ணியும் அந்தக் கல்லுக்குள்ள தண்ணி அரிச்ச வழியால வந்ததுகள். இங்கயும் பாறை வெடிப்புகளுக்குள்ளாலயும் குகைகளுக்குள்ளாலயும் அப்பிடித்தான் தண்ணி ஓடுது. 2022இல இங்க வந்து இறங்கினதுக்குப் பிறகு, "அட, இது தெரிஞ்ச இடம்தானே" எண்டு எனக்குப் பட்டது அண்டைக்குத்தான்.

இந்த விளிம்பு வழியா ஒரு நடைபாதை போகுது. பேர் 'புறூஸ் ட்றெயில்'. (எங்கட முறைப்படி 'ரெயில்' எண்டு எழுதினால் நீங்கள் கோச்சியெண்டு நினைச்சு ஸ்ரேசன் தேடுவியள், அதால இப்பிடி.) 1960இல றே லோஸ் எண்ட இயற்கை ஆர்வலர் ஒரு கூட்டத்தில இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். 1963இல சங்கம் பதிஞ்சு, 1967இல, கனடாவின்ர நூறாவது வருசத்தில, பாதை முழுசாத் திறந்தாச்சு. இப்ப பிரதான பாதை மட்டும் 900 கிலோமீற்றர். கிளைப்பாதைகள் 400க்கு மேல. துப்புரவாக்கிறது, அடையாளம் அடிக்கிறது எல்லாம் பெரும்பாலும் தொண்டர்கள்தான். கன இடங்களில பாதை தனியார் காணிக்குள்ளால போகுது, சொந்தக்காரர் "சரி, நடந்திட்டுப் போங்கோ" எண்டு விட்டதால. அவை வேண்டாமெண்டால் பாதை அந்தத் துண்டுக்கு றோட்டுக்கரைக்கு இறங்கிவிடும். வேலிச் சண்டைக்குப் பேர்போன ஊரிலயிருந்து வந்த எனக்கு இது ஒரு அதிசயமாத்தான் இருக்கு.

டண்டாஸ் சிகரமும் மாமாவின்ர நக்கலும்

புரட்டாசிக் கடைசியில கம்பஸ் சிநேகிதர் நாலு பேரோட ஹமில்ரன் பக்கம் டண்டாஸ் பீக்குக்குப் போனனான். பேரிலயே சிகரம் இருக்கு, விடலாமோ? ஹமில்ரன்காரர் இந்த விளிம்பை 'மலை' எண்டுதான் சொல்லுவினம். "மலைக்கு மேல வீடு வாங்கியிருக்கிறன்" எண்டால், எஸ்கார்ப்மென்ருக்கு மேல எண்டு அர்த்தம். அங்க ரியூஸ் அருவி 41 மீற்றர் உயரம், நயாகராவில கனடாப் பக்கத்து அருவியைவிட 16 மீற்றர்தான் குறைவு. ஆனால் தண்ணி மட்டும் எங்கட வீட்டுக் குழாயளவு :-) சிகரத்தில நிண்டால் கீழ பள்ளத்தாக்கு, ரெயில் பாதை, டண்டாஸ் ஊர், அங்கால ஹமில்ரன். மரமெல்லாம் மஞ்சள், செம்மஞ்சள். வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு.

வீட்டை வந்து படத்தை மாமாட்டக் காட்டினன். நான் இருக்கிறது மாமா வீட்டு பேஸ்மென்றில. அம்மாவின்ர தம்பி. 1999இல வந்தவர். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில இரவு வேலை. மனுசன் படத்தைப் பார்த்திட்டு, கண்ணாடியைக் கழட்டினார்.

"உதுக்கோ காசு குடுத்து முன்கூட்டிப் பதிஞ்சு போனனீங்கள்?"

"ஓம் மாமா. நடந்து பார்த்தால்தான் தெரியும். நீங்களும் ஒருநாள் வாங்கோவன்."

"நாங்கள் நடந்த நடை காணும் பிள்ளை. இனி மிச்சக் காலத்துக்குக் கார் இருக்கு."

எல்லாரும் சிரிச்சம். எங்கட வீடுகளில இப்பிடி ஒரு வசனம் ஆரோ ஒராள் அடிக்கடி சொல்லுவினம்தானே. நானும் அதைப் பகிடியெண்டுதான் எடுத்தன். உண்மையைச் சொன்னால், சோம்பல் எண்டு நினைச்சன்.

அடுத்த கிழமை மாமாவின்ர இரத்தச் சோதினை வந்தது. சீனி கன்னாபின்னா எண்டு ஏறியிருக்கு. டொக்ரர் மருந்தைக் கூட்டிப்போட்டு, "நடக்கவேணும். கார்க் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில நடக்கிறது கணக்கில்லை" எண்டு சொல்லிவிட்டாராம். மாமி அண்டைக்கு இரவே முடிவெடுத்திட்டா. "ஞாயிற்றுக்கிழமை நீ போற இடத்துக்கு உவரையும் கொண்டு போ. வரமாட்டன் எண்டால் சொல்லு, நான் சமைக்கேல்லை." விசயம் முடிஞ்சுது.

செம்மண்ணும் பாம்பும்

முதல் ஞாயிறு சுகமான இடமாப் பார்த்து செல்ரன்ஹாம் பாட்லான்ட்ஸ். கலிடனில, வீட்டிலயிருந்து கிட்ட. ரத்தச் சிவப்பில மேடும் பள்ளமுமா ஒரு நிலம், இடைக்கிடை பச்சை சாம்பல் கோடுகள். சுமார் 45 கோடி வருசத்துக் களிப்பாறை. இயற்கை அதிசயம் எண்டு நினைச்சால், இல்லை. போன நூற்றாண்டின்ர தொடக்கத்தில மரத்தை வெட்டி, மாட்டை அளவுக்கு மிஞ்சி மேயவிட்டு, மேல் மண் கழுவுப்பட்டுப் போன பிறகு வெளியில தெரிஞ்ச எலும்பு இது. பிறகு சனம் ஏறி மிதிச்சு மிதிச்சு இன்னும் கரைஞ்சதால 2015இல மூடி, 2018இல பலகை நடைபாதை போட்டுத் திறந்தவை. இப்ப மேல கால் வைக்க விடாயினம்.

மாமா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "எங்கட தோட்டத்து மண் மாதிரியெல்லோ" எண்டார். ஒரு நிமிசத்தால, "ஆனா இதில ஒரு வெங்காயமும் வராது" எண்டார். தோட்டக்காரன் மகன்!

அடுத்த ஞாயிறு மில்ரனில றாற்றில்சினேக் பொயின்ற். பேரைப் பார்த்து மச்சாள் (மாமாவின்ர மகள், பதினைஞ்சு வயசு) வரமாட்டன் எண்டு நிண்டவள். பாம்பு ஒண்டும் காணேல்லை. தலைக்கு மேல வட்டமடிக்கிற கழுகுகள்தான். விளிம்புப் பாறையின்ர வெடிப்புகளில முறுகி வளைஞ்சு நிக்கிற வெள்ளைச் சீடர் மரங்களைக் கட்டாயம் பாருங்கோ. பார்க்க எங்கட வேலிக் கிளுவையளவுதான் பருமன். ஆனால் இந்த எஸ்கார்ப்மென்ற் பாறைகளில நிக்கிற சிலதுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல வயசு எண்டு 1980களின்ர கடைசியில குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சவை. அதாவது ராஜராஜ சோழன் தஞ்சாவூரில கோயில் கட்டேக்க இங்க கண்டு முளைச்சிருக்கு. மண் இல்லை, தண்ணி மட்டு, அதால மெல்ல மெல்ல வளர்ந்து தப்பியிருக்கு. ஒருத்தரும் விறகுக்கு வெட்ட ஏலாத இடத்தில நிண்டதும் ஒரு காரணம்.

அங்கயிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து குறோபோர்ட் ஏரிக்குப் போகலாம். சின்ன ஏரி, ஆனால் ஆழம். அடியில ஒவ்வொரு வருசமும் ஒரு படை சேறு கலங்காமல் படியுதாம். அந்தச் சேத்துக்குள்ள சோளப் பூந்தாது இருந்ததைப் பார்த்துத்தான் பக்கத்தில ஆரோ பயிர் செய்திருக்கினம் எண்டு தேடி, 15ஆம் நூற்றாண்டுப் பழங்குடிக் கிராமத்தைக் கண்டுபிடிச்சவை. அந்த நீள்வீடுகளைத் திரும்பக் கட்டி வைச்சிருக்கினம். 1950களின்ர அணுகுண்டுச் சோதினைத் தூசும் அதே சேத்தில இருக்கு. 2023இல ஒரு விஞ்ஞானிகள் குழு 'மனிதர் யுகம்' தொடங்கினதுக்கு அடையாள இடமா இந்த ஏரியைத் தெரிவு செய்தது. 2024இல மேல்குழு அந்த யுகமே வேண்டாமெண்டு நிராகரிச்சுப் போட்டுது. ஏரி பாவம், ஒரு வருசம் பதவி :-)

திரும்பி வரேக்க வழி தவறினது என்ர பிழை. மரத்தில வெள்ளைப் பட்டை அடிச்சிருந்தால் பிரதான பாதை, நீலம் கிளைப்பாதை. ரெண்டு பட்டை ஒண்டுக்கு மேல ஒண்டா இருந்தால் 'திரும்பு' எண்டு அர்த்தம், மேல் பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கோ அந்தப் பக்கம். நான் மச்சாளோட அலட்டிக்கொண்டு அந்த ரெட்டைப் பட்டையை விட்டிட்டன். பொழுது படுது, போன் பற்றறி சிவப்பில நிக்குது. மாமாதான், "நில். வந்த வழியாலயே திரும்பு. கடைசியா வெள்ளையைக் கண்ட மரம் வரைக்கும் போவம்" எண்டார். ஒரு பதட்டம் இல்லை. இருட்டுக்குள்ள அந்தாள் முன்னுக்கு, நாங்கள் ரெண்டு பேரும் பின்னுக்கு. காருக்கு வந்து சேர்ந்த பிறகு, "மாமா, உங்களுக்குப் பயமில்லையோ?" எண்டு கேட்டன். "காட்டுக்கென்ன பயம்" எண்டார். எனக்கு அண்டைக்கும் விளங்கேல்லை.

பேயின்ர பிரசங்க மேடை

ஒக்ரோபர் கடைசி ஞாயிறு. கலிடனில 'ஃபோர்க்ஸ் ஒஃப் த கிறடிற்' எண்ட இடம், கிறடிற் ஆற்றின்ர ரெண்டு கிளையும் சேருற மூலை. ஒரு காலத்தில இங்க கல்லு வெட்டினவை. ரொறன்ரோவில குயின்ஸ் பார்க் சட்டசபைக் கட்டடத்துக்கும் (1893), பழைய நகரசபைக் கட்டடத்துக்கும் (1899) இந்தப் பள்ளத்தாக்குக் கல்லுத்தான் போனது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் அந்தச் சிவத்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கோ. அங்க இருந்து 'டெவில்ஸ் புல்பிற்' எண்ட உச்சிக்கு ஏறவேணும். ஏற்றம் ஏறக்குறைய 100 மீற்றர்தான், ஆனால் செங்குத்து. படி, படி, பிறகும் படி.

இந்த ஆற்றுக்கும் ஒரு கதை இருக்கு. மிசிசாகா பழங்குடி ஆக்களுக்கு வியாபாரிகள் இங்க கடனுக்குச் சாமான் குடுத்ததால வந்த பேர்தான் 'கிறடிற்'. இப்ப பிறம்ரனும் கலிடனும் இருக்கிற நிலம் 1818இல ஒரு ஒப்பந்தத்தோட அவையின்ர கையை விட்டுப் போச்சு. 1847இல ஆற்றையும் விட்டு ஹாகர்ஸ்வில் பக்கம் போகவேண்டி வந்தது. வரேக்க காரில இதை நான் வாசிச்சதெண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். மாமா, "ம்ம்" எண்டதோட சரி.

அண்டைக்கு மெல்லிய தூறல். அப்பிடியிருந்தும் நல்ல சனம். இலை விழ முதல் கடைசிக் கிழமையெண்டு எல்லாரும் வந்திருக்கினம். படி ஒடுக்கம். முதுகில பை, தோளில பிள்ளை, பொல்லு ஊண்டிக்கொண்டு வயசான ஆக்கள். ஒராள் நிண்டால் பின்னால அம்பது பேரும் நிக்கவேணும். ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது. ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது. பாதிக்கு மேல வந்திருப்பம். திரும்பிப் பார்த்தால் மாமா வரிசையை விட்டு விலகி, ஒரு மரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். முகம் வெளிறிப்போச்சு.

எனக்கு நெஞ்சு திக்கெண்டது. சீனி இறங்கிச்சோ, மாரடைப்போ? "மாமா, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ? அம்புலன்சுக்கு அடிக்கட்டோ?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டுமில்லை. ஆக்களைப் போகவிடு. ஆக்கள் போகட்டும்."

ஒரு கல்லில இருத்தினன். தேத்தண்ணி குடுத்தன், கை நடுங்கி மூடியில பாதி ஊத்துப்பட்டுது. மச்சாள் மேல போயிட்டாள். கனநேரத்துக்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"நாவற்குழிப் பாலத்தடியில இப்பிடித்தான் நிண்டது சனம்."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பி தென்மராட்சிக்குப் போன இடப்பெயர்வு. நான் பிறக்கிறதுக்கு ஏழு வருசம் முந்தி. இலட்சக்கணக்கான சனம், மழை, ஒரே ஒரு ஒடுங்கின றோட்டு. பள்ளிக்கூடத்தில, பெரியாக்களின்ர கதையில, எத்தினையோ தரம் கேட்டிருக்கிறன். மாமா வாயால கேட்டதில்லை.

அப்ப அவருக்குப் பத்தொன்பது வயசு. சைக்கிள் கரியரில அம்மம்மா, பக்கத்தில என்ர அம்மா சூட்கேசோட. செம்மணியில மாட்டுப்பட்டால் ஒரு அடி, நிக்கிறது, ஒரு அடி, நிக்கிறது. விடிய விடிய அந்தத் துண்டைக் கடக்கேல்லையாம். குடையைக் கவிட்டுப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சிருக்கினம். அம்மப்பா வரேல்லை. ரெண்டு மாடு நிண்டது, ஒண்டு கன்றுத்தாச்சி. "நீங்கள் போங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" எண்டிட்டார்.

"நான் படலையில வைச்சுச் சொன்னனான், ரெண்டு நாளில வந்து கூட்டிக்கொண்டு போறன் அப்பா எண்டு. அவர் தலையாட்டினவர். பாலத்தைத் தாண்டினாப் பிறகு திரும்பிப் போக விடேல்லை. தைச்சுப் பார்த்தன், ரெண்டு தரம் கைதடி வரைக்கும் வந்து பார்த்தன். விடேல்லை."

96 சித்திரையில ஊருக்குத் திரும்பினபோதுதான் தெரிஞ்சிருக்கு, அம்மப்பா மார்கழியிலயே போயிட்டார். ஊரை விட்டுப் போகாமல் நிண்ட பக்கத்து வீட்டுக் கிழவர் ஒராள்தான் எல்லாம் செய்தவராம். மாடும் இல்லை, கன்றும் இல்லை.

எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. இந்த மனுசன் ஒவ்வொரு வருசமும் கோயில் தேருக்கு எங்களை இறக்கி விட்டிட்டு, தான் காருக்குள்ள இருந்து றேடியோ கேப்பார். சாமி நம்பிக்கை இல்லையெண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள். "நாங்கள் நடந்த நடை காணும்" எண்டதைச் சோம்பல் எண்டு நினைச்சவளும் நான்தான்.

"மாமா, வாங்கோ, கீழ இறங்குவம்" எண்டன்.

அவர் மேல பார்த்தார். வரிசை கொஞ்சம் கலைஞ்சிருந்தது. "சின்னவள் மேல தனிய நிப்பாள். நட" எண்டார்.

மிச்சப் படியை மெல்ல மெல்ல ஏறினம். பின்னால வந்த ஆக்களுக்கெல்லாம் விலகி வழி விட்டு, ஒருத்தரும் எங்களுக்கு முட்டாமல். உச்சியில மச்சாள், "என்னப்பா இவ்வளவு நேரம்!" எண்டு கத்தினாள். கீழ ஆறு தெரியேல்லை, சத்தம் மட்டும் கேட்டுது. பள்ளத்தாக்கு முழுக்கப் பாதி இலை, பாதி மொட்டை மரம். மாமி கட்டித் தந்த புட்டுப் பார்சலைப் பிரிச்சுச் சாப்பிட்டம். மாமா சாப்பிட்டு முடிச்சு, கையைக் கழுவிப்போட்டு, "அப்பா வந்திருந்தாலும் கனடாவுக்கு வந்திருக்க மாட்டார். மாட்டை விட்டிட்டு எங்கயும் போகமாட்டார்" எண்டார். சிரிச்சமாதிரி இருந்தது.

அடுத்தநாள் அம்மாவோட வாட்ஸ்அப்பில கதைக்கேக்க மெல்லச் சொன்னன். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் வெட்டுப்பட்டுப் போச்செண்டு நினைச்சு "அம்மா... அம்மா..." எண்டு கூப்பிட்டன்.

"ரெண்டு நாளில வாறன் எண்டு சொன்னவனோ?" எண்டா. "நான் அப்ப அம்மாவைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு ஒழுங்கையில நிண்டனான். தம்பி படலையில என்ன சொன்னவன் எண்டு எனக்குத் தெரியாது. முப்பது வருசம் அவன் சொல்லேல்லை."

அண்டைக்கு இரவு அக்காவும் தம்பியும் ரெண்டு மணித்தியாலம் கதைச்சவை. நான் பேஸ்மென்றுக்கு இறங்கி வந்திட்டன்.

கடைசியா, போக விரும்புறாக்களுக்கு

இப்ப பனி விழத் தொடங்கிட்டுது, இனி வசந்தத்துக்குத்தான். மாமாவின்ர சீனி கொஞ்சம் இறங்கியிருக்கு. டொக்ரர் மருந்தைக் குறைக்கேல்லை, ஆனால் ஏசவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில இப்பவும் நடக்கிறார், சனம் வர முதல், விடியக் காலமை. அது எங்களுக்கிடையில பேசாமல் வந்த ஒழுங்கு.

நீங்கள் போறதெண்டால்:

- டண்டாஸ், றாற்றில்சினேக், குறோபோர்ட் ஏரி மூண்டுக்கும் முன்கூட்டிப் பதியவேணும். இலை நிறம் மாறுற கிழமைகளில கெதியா முடிஞ்சுபோகும். கார் இல்லாமல் போறது கஷ்டம்.
- சூரியன் எத்தினை மணிக்குப் படுகுது எண்டு பார்த்திட்டுப் போங்கோ. போனை நம்பாமல் ஒரு ரோச் லைற் கொண்டு போங்கோ.
- வெள்ளைப் பட்டை, ரெட்டைப் பட்டை. நான் பட்டது காணும்.
- பாறை விளிம்பில நிண்டு படம் எடுக்காதேங்கோ. ஈர இலைக்குக் கீழ என்ன இருக்கெண்டு தெரியாது.
- உண்ணி இருக்கு, லைம் நோய் வரும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள்ள செருகுங்கோ. மூண்டு இலைச் செடியைத் தொடாதேங்கோ, அது எங்கட காஞ்சோண்டிக்குப் பெரியண்ணை.
- தண்ணி, சாப்பாடு, நல்ல சப்பாத்து. சீனி வருத்தக்காரரோட போனால் கையில இனிப்பு ஏதாவது வைச்சிருங்கோ.

1962இல மில்ரனுக்குக் கிட்ட கல்லு உடைக்கிறதுக்காக இந்த விளிம்பை வெடி வைச்சுப் பிளந்தவை. 401 ஹைவேயில போகேக்க அந்த இடைவெளி இப்பவும் தெரியும், வாயில ஒரு பல்லு விழுந்த மாதிரி. அதைப் பார்த்துச் சனம் கோவப்பட்டதும் சேர்ந்துதான் 1973இல எஸ்கார்ப்மென்ரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது, 1990இல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் எண்டு அறிவிச்சது. காங்கேசன்துறையில சீமெந்துக்குக் கல்லுத் தோண்டின கிடங்குகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்கும்.

உயரம் குறைஞ்ச மலைதான். ஆனால் வேலை முடிஞ்சு வந்து, மத்தியானம் ஏறி, பின்னேரம் வீட்டை வந்து சோறு சாப்பிடலாம். எங்களைப் போல ஆக்களுக்கு அப்பிடி ஒரு மலைதான் சரி. உங்கட வீட்டிலயும் "நாங்கள் நடந்த நடை காணும்" எண்டு ஒராள் இருப்பார். சிரிச்சுப்போட்டு விடாமல் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. சொல்லாட்டி விடுங்கோ, பக்கத்தில நடந்தால் காணும்.

ஸ்காபுரோ, மார்க்கம் பக்கத்து வலைப்பதிவர்கள் ஆரும் சித்திரையில வாறதெண்டால் சொல்லுங்கோ. றோல்ஸ் நான் கொண்டுவாறன்.

பி.கு: பேயின்ர மேடையில பேய் ஒண்டும் இல்லை. மச்சாள் தேடிப் பார்த்தவள்.